புல்வெட்டும் வேலைக்கு ரேடியோ உள்ள காதுக்கவசம்: எதைப் பார்த்து வாங்குவது?

டொங்காட்_தோட்டம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குப் பக்கத்தில் டொங்காட், உம்ஷ்லாங்கா பக்கம் தோட்டப் பராமரிப்பு வேலை எடுத்துச் செய்கிறேன். என்னோடு நாலு பேர். புல் வெட்ட இரண்டு பிரஷ்கட்டர், இலை ஊதுகிற புளோயர் ஒன்று, மரம் கழிக்க ஒரு செயின்சா. காலை ஏழு மணிக்கு இழுத்துவிட்டால் மூன்று மணி வரை இரைச்சல்தான்.

ஆளுக்கொரு காதுக்கவசம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். போட்டால் பத்து நிமிடம், அப்புறம் கழுத்துக்கு இறங்கிவிடும். போன வாரம் ஒரு தம்பி மட்டும் கழற்றாமல் வேலை செய்துகொண்டிருந்தான். சந்தோஷமாகக் கிட்டே போனேன். உள்ளே போன் இயர்போனைச் செருகி உகோசி எஃப்எம் என்ற ஜூலு வானொலியைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். ஒயர் போகிற இடத்தில் கவசத்தின் மெத்தை தூக்கிக்கொண்டு நின்றது. அந்த இடைவெளியில் என் சுண்டுவிரல் நுழைந்தது. புல்வெட்டி ஓடும்போதே எனக்கு அவன் பாட்டு கேட்டது.

கோபப்பட்டேன். அவன் நிதானமாகக் கேட்டான்: "நாள் முழுக்க இந்தச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு எப்படி நிற்பது?" பதில் சொல்ல முடியவில்லை. நானும் வண்டியில் ஏறியதும் முதலில் லோட்டஸ் எஃப்எம்தான் போடுகிறேன்.

அதனால் ரேடியோ சேர்ந்தே வருகிற கவசம் வாங்கலாம் என்று நினைக்கிறேன். விலை சாதாக் கவசத்தைப் போலப் பல மடங்கு. வாங்கித் தந்தால் காதுக்கு உண்மையிலேயே நல்லதா, பாட்டு வேறு சேர்ந்து இன்னும் கெடுமா? எதைப் பார்த்து வாங்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


செவிச்சோதனை_அக்கா எழுதியது:

தம்பி, நான் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். தொழிற்சாலை ஆட்களுக்குக் கேட்கும் திறன் சோதிக்கும் வேலை. இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டதே பெரிய விஷயம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டுச் சட்டத்தில் வேலையிட இரைச்சலுக்கு வரம்பு 85 டெசிபல், எட்டு மணி நேரக் கணக்கில். டெசிபல் மூன்று ஏறினால் சத்தத்தின் ஆற்றல் இரட்டிக்கும், காது தாங்கும் நேரம் பாதியாகும். 88 என்றால் நாலு மணி நேரம், 91க்கு இரண்டு, 94க்கு ஒன்று. 100க்கு வந்தால் 15 நிமிடம். பெட்ரோல் பிரஷ்கட்டர் பிடிப்பவர் காதருகே 100 என்பது சாதாரணம். செயின்சா அதற்கும் மேலே. 109 என்றால் முழுசாக இரண்டு நிமிடம்கூடக் கிடையாது. உங்கள் ஆட்கள் காலைத் தேநீருக்கு உட்காரும் முன்பே அன்றைய கணக்கு தீர்ந்துவிடுகிறது.

இப்போது அந்தத் தம்பியின் இயர்போன். மெத்தை தூக்கி நின்றால் கவசம் பாதி வேலைகூடச் செய்யாது. உள்ளே வருகிற இரைச்சலை மீறிப் பாட்டு கேட்க வேண்டும் என்று ஒலியை ஏற்றுவான். போன் இயர்போன் அதற்கு இடம் கொடுக்கும், தடுக்காது. இரைச்சலும் போகிறது, பாட்டும் போகிறது, இரண்டும் ஒரே காதுக்குள்.

ரேடியோ உள்ள நல்ல கவசத்தில் அந்த ஒலியை ஏற்ற முடியாதபடி உள்ளேயே கட்டுப்பாடு இருக்கும். பாட்டு கேட்பதற்கான கவசங்களுக்கு ஐரோப்பியத் தரம் இஎன் 352-8. பெட்டியில் அந்த எண்ணைத் தேடுங்கள். எவ்வளவு திருகினாலும் உள்ளே பாட்டு 82 டெசிபலைத் தாண்டாது என்று எழுதியிருக்க வேண்டும். அது இல்லாமல் 'சத்தம் குறைக்கும் ஹெட்போன்' என்று மட்டும் போட்டிருந்தால் தொடாதீர்கள். அவை விமானத்தில் உட்கார்ந்து பாட்டு கேட்கச் செய்தவை.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். வெளியே 100. கவசத்தில் 28 குறைக்கும் என்று அச்சடித்திருக்கிறது. அது சோதனைக்கூடத்தில், அளந்து மாட்டிய தலையில் கிடைத்த எண். வேலையிடத்தில் கால் பங்கைக் கழித்துவிடுங்கள், 21 மிஞ்சும். ஆக உள்ளே 79. அதோடு பாட்டை 82 வரை ஏற்றினால் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 84. வரம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிறோம். பாட்டைக் கொஞ்சம் இறக்கி வைத்தால் போதும், நிம்மதி. கவசமே மட்டமாக இருந்து 15தான் குறைக்கிறது என்றால் பாட்டே இல்லாமல் 85 ஆகிவிடும், அதற்கு மேல் ரேடியோவுக்கு இடமே இல்லை. அதனால் முதலில் கவசம், அப்புறம் ரேடியோ.


தைலமரம் எழுதியது:

நான் ஹோவிக் பக்கம் தைலமரக் காடுகளில் மரம் வெட்டும் குழுவில் இருபது வருடமாக இருக்கிறேன். அக்கா சொன்ன கணக்கை மறுக்கவில்லை. ஆனால் செயின்சா வேலையில் ரேடியோ வேண்டாம். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

மரம் சாயும் முன் உள்ளே நார் முறியும். முதலில் 'டிக்' என்று ஒன்று, அப்புறம் கொஞ்சம் இடைவெளி, அப்புறம் தொடர்ந்து. கவசம் போட்டிருந்தாலும் இஞ்சினை இறக்கினால் அது கேட்கும். கைக்கு வாள் வழியாகவும் தெரியும். அந்த இடைவெளியில்தான் நாங்கள் பின்வாங்குகிறோம். காதில் ஒருவர் செய்தி வாசித்துக்கொண்டிருந்தால் மனசு அந்த 'டிக்'கைப் பிடிக்காது. காது கேட்டாலும் மனசு கேட்காது.

ஒரு முறை, வேறு ஒரு குத்தகைக்காரரிடம் இருந்தபோது, கிளை கழிக்கும் ஆள் ரேடியோ கவசத்தோடு நின்றார். மேலே தொங்கிக்கொண்டிருந்த ஒரு காய்ந்த கொம்பு காற்றில் அசைந்தது. நான் கத்தினேன், விசில் அடித்தேன். அவர் குனிந்து வேலை செய்துகொண்டே இருந்தார். பக்கத்தில் இருந்தவர் ஒரு கட்டையைத் தூக்கி அவர் காலடியில் எறிந்த பிறகுதான் நிமிர்ந்தார். அவர் நகர்ந்த இடத்தில் கொம்பு விழுந்தது. என் கையைவிடத் தடிமன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வெட்டும் மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேறு யாரும் நிற்கக் கூடாது என்பது எங்கள் விதி. அந்தத் தூரத்திலிருந்து கத்தினால் சாதாக் கவசத்திலேயே பாதிதான் கேட்கும். அதில் பாட்டும் சேர்ந்தால்?

புல் வெட்டுவதற்கு நீங்கள் என்ன செய்தாலும் சரி. செயின்சாவைக் கையில் எடுக்கும்போது ரேடியோ வேண்டாம்.


டொங்காட்_தோட்டம் எழுதியது:

அண்ணே, நீங்கள் சொன்னதைப் படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. எங்கள் வேலையில் செயின்சா வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள்தான். அதற்குத் தனியாகச் சாதாக் கவசம் வைத்துக்கொள்கிறேன். ஆனால் புல்வெட்டும்போது வண்டி பின்னால் வருகிற சத்தம்கூடக் கேட்க வேண்டுமே, அதற்கு என்ன வழி?


பழைய_ரேடியோ எழுதியது:

பீனிக்ஸில் ரேடியோ, ஆம்ப்ளிபயர் பழுது பார்க்கிறேன். கவசத்தின் ரேடியோ பக்கத்தை மட்டும் சொல்கிறேன். வாங்கியவர்கள் கொண்டுவந்து கொட்டுகிற குறைகளில் பாதி, வாங்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டியவை.

முதலாவது, எந்த நாட்டுக்குச் செய்தது என்று பாருங்கள். அமெரிக்காவில் எஃப்எம் நிலையங்கள் எல்லாம் ஒற்றைப்படை தசமத்தில்தான் இருக்கும்: 88.1, 88.3, 88.5 என்று. அங்கே விற்பதற்கென்று செய்த டிஜிட்டல் டியூனர் சில 0.2 ஆகத் தாண்டித் தாண்டிப் போகும். நம் நாட்டில் இரட்டைப்படைத் தசமத்திலும் நிலையங்கள் உண்டு. அப்படிப்பட்ட நிலையத்தை அந்த டியூனரில் நேராகப் பிடிக்கவே முடியாது, பக்கத்தில் நின்று கரகரக்கும். உறவுக்காரர் அனுப்பினார், இணையத்தில் மலிவாகக் கிடைத்தது என்று வருகிறவற்றில் இதுதான் தொல்லை. கையில் எடுத்து, நிலையத்தை மாற்றும் பொத்தானை ஒரு தடவை அழுத்தி, எண் எத்தனை தாண்டுகிறது என்று பாருங்கள். கடையிலேயே பார்த்துவிடலாம்.

இரண்டாவது, ஆண்டெனா. சில கவசங்களில் வெளியே சின்ன ரப்பர் குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். அசிங்கமாக இருக்கிறது என்று பலர் உள்ளே மறைத்த ஆண்டெனாவை வாங்குகிறார்கள். சமவெளியில் பரவாயில்லை. ஆயிரம் குன்றுகளின் பள்ளத்தாக்குப் பக்கம் போனால் ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் நடுவில் நிலையம் காணாமல் போய்விடும். குச்சி உள்ளதில் கொஞ்சம் மேல். நிலையம் கரகரத்தால் ஆள் ஒலியை ஏற்றுவார், இல்லையென்றால் கழற்றுவார். இரண்டும் நமக்கு ஆகாது.

புளூடூத் இருந்தால் போனிலிருந்து கேட்கலாம், உண்மைதான். நாள் முழுக்க ஓடினால் யார் டேட்டாவுக்குப் பணம் கட்டுவது? வேலைக்காரர் சம்பளத்தில் அது சின்னக் காசு இல்லை. எஃப்எம் ஓசியில் வருகிறது. என் பார்வையில் எஃப்எம் கட்டாயம், புளூடூத் இருந்தால் நல்லது.

மூன்றாவது, பேட்டரி. உள்ளேயே சார்ஜ் ஆகிற வகை பார்க்க அழகு. இரவு லோட்ஷெடிங் வந்தால் காலையில் நாலு கவசமும் செத்துக் கிடக்கும். ஏஏ பேட்டரி இரண்டு போடுகிற வகையில் பையில் இன்னும் இரண்டைப் போட்டுக்கொண்டு போகலாம். சார்ஜ் செய்கிற ஏஏ வாங்கினால் செலவும் குறையும். பேட்டரி தீர்ந்தாலும் கவசம் கவசம்தான், சத்தத்தைத் தடுக்கும். இதை ஆட்களுக்குச் சொல்லி வையுங்கள், பலர் பாட்டு நின்றதும் கழற்றிவிடுகிறார்கள்.


ரஸ்டன்பர்க்_மின்பணி எழுதியது:

பிளாட்டினச் சுரங்கத்தில் மின்பணியாளன். ஊர் திருநெல்வேலி, இங்கே வந்து பதினாறு வருடம்.

சுரங்கத்துக்குள் ரேடியோ கவசம் பேச்சுக்கே இடமில்லை. அதனால் மாதிரி எதையும் நான் சொல்லப்போவதில்லை. எங்களுக்குப் பயிற்சியில் கரும்பலகையில் போட்டுக் காட்டிய ஒரு கணக்கைச் சொல்கிறேன், அது தோட்டக்கார அண்ணனின் கேள்விக்கு நேரான பதில்.

உலகத்திலேயே சிறந்த கவசம், 30 குறைக்கிறது என்று வையுங்கள். எட்டு மணி நேர வேலை, 480 நிமிடம். அதில் அரை மணி நேரம் மட்டும் கழற்றி வைக்கிறோம். வியர்வை துடைக்க, பேச, சும்மா. நாள் முடிவில் அந்தக் கவசம் தந்த பாதுகாப்பு ஏறக்குறைய 12தான், 30 இல்லை. கழற்றிய அந்த அரை மணி நேரத்தில் உள்ளே போன சத்தமே கணக்கை நிரப்பிவிடுகிறது. பாதி நாள் கழற்றினால் 3. மூன்றே மூன்று.

நான் முதலில் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து பேப்பரில் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் வந்தது. 30 குறைக்கிற கவசத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்பவரைவிட, 20 குறைக்கிறதை நாள் முழுக்கக் காதில் வைத்திருப்பவர் பத்திரமாக இருக்கிறார். உங்கள் ஆட்கள் ரேடியோ இருந்தால் கழற்ற மாட்டார்கள் என்றால், அந்த ரேடியோவுக்குக் கொடுக்கிற பணம் வீண் இல்லை. தைலமரம் அண்ணன் சொன்னதோடு இது மோதவில்லை. அவர் வேலை வேறு, புல் வெட்டும் வேலை வேறு.

இன்னொன்று. சுரங்கத்துக்கு 1996ஆம் வருடச் சட்டம் தனி. உங்களைப் போன்றவர்களுக்கு 1993ஆம் வருடத்துத் தொழில் ஆரோக்கிய, பாதுகாப்புச் சட்டம். சட்டப்படி கொடுக்க வேண்டிய பாதுகாப்புச் சாமானுக்கு ஆட்களின் சம்பளத்தில் ஒரு ராண்டுகூடப் பிடிக்கக் கூடாது என்று அதன் 23ஆம் பிரிவு சொல்கிறது. ரேடியோ இருப்பதால் 'பாதி நீ கொடு' என்று கேட்கிற முதலாளிகளைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் அப்படி இல்லை என்று தெரிகிறது, படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.


அப்பாவின்_மகள் எழுதியது:

நான் இந்த வேலை எதுவும் செய்வதில்லை. கோயில் தமிழ் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். தேடும்போது இந்த இழை கண்ணில் பட்டது.

என் அப்பா டர்பனில் ஒரு நெசவாலையில் முப்பது வருடம் தறி ஓட்டினார். அந்தக் காலத்தில் பஞ்சைக் கிள்ளிக் காதில் வைத்துக்கொள்வார்களாம், அவ்வளவுதான். இப்போது ஆண்கள் பேசினால் அவருக்கு ஓரளவு புரிகிறது. சின்னப் பிள்ளைகள் பேசினால் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். போன தைப்பூசத்தில் என் மகள் தனியாக நின்று திருப்புகழ் பாடினாள். அப்பா முன்வரிசையில் உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் என்னிடம், "நல்லாப் பாடினாளா?" என்று கேட்டார்.

அந்தத் தம்பிகளுக்கு வாங்கிக் கொடுங்கள் அண்ணா. எது வாங்கினாலும் அவர்கள் போட்டுக்கொள்கிறதாக வாங்குங்கள்.


செவிச்சோதனை_அக்கா எழுதியது:

அம்மா, உங்கள் அப்பாவைப் போன்றவர்கள் வாரம் ஒருவராவது என் முன்னால் வந்து உட்காருகிறார்கள். இரைச்சல் முதலில் தின்பது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் உள்ள கூர்மையான ஒலிகளைக் கேட்கும் திறனை. ச, ஸ, த போன்ற ஒலிகளின் கூர்மையும் குழந்தைக் குரலின் தெளிவும் அந்தப் பக்கத்தை நம்பித்தான் இருக்கின்றன. அந்த ஒலிகளைப் பிடிக்கிற, உள்காதில் உள்ள நுண்மயிர் அணுக்கள் போனால் திரும்ப முளைக்காது.

டொங்காட் தம்பி, வண்டிச் சத்தம் கேட்க வேண்டும் என்று கேட்டீர்கள். வெளியே மைக் வைத்த கவசங்கள் உண்டு. பேச்சு, ஹாரன் போன்ற சின்ன சத்தத்தை உள்ளே விடும், பெரிய சத்தம் வந்தால் மூடிக்கொள்ளும். அதற்குத் தரம் இஎன் 352-4. ரேடியோவும் இதுவும் சேர்ந்ததும் கிடைக்கிறது, விலை இன்னும் ஏறும். பிரஷ்கட்டர் விடாமல் ஓடும்போது இந்த மைக் அவ்வளவாக உதவாது, நிறுத்தி ஓட்டும்போதுதான் உதவும். சாலை ஓரத்தில் வெட்டுபவருக்கு ஒன்று வாங்கலாம்.

கவசம் தடுப்பது அதிகமானால் நல்லது என்றும் எண்ண வேண்டாம். உள்ளே 75, 80க்குள் இருந்தால் போதும். 70க்கும் கீழே போனால் ஆளுக்குத் தனியாக அடைபட்டது போல இருக்கும், கழற்றிவிடுவார்.

கண்ணாடி போடுபவர்கள் இருந்தால் அதன் கம்பி தட்டையாக, மெல்லியதாக இருக்கட்டும். தடித்த கம்பி மெத்தையைத் தூக்கும், இயர்போன் ஒயர் செய்த அதே வேலை.


டொங்காட்_தோட்டம் எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். கரும்பு அறுவடைக் காலம், பண்ணை வேலை ஒன்றும் கூடவே வந்துவிட்டது.

டர்பனில் இரண்டு கடை ஏறி இறங்கினேன். 3எம் பெல்ட்டாரின் எஃப்எம் உள்ள வகைகள், ஹஸ்க்வார்னா, ஹனிவெல் எல்லாம் எடுத்துக் காட்டினார்கள். ஹனிவெல் சிங்க் வரிசையில் ஒன்றில் ரேடியோவே இல்லை, போனை ஒயரில் இணைக்கத்தான் முடியும். பெயரை மட்டும் பார்த்து எடுத்திருந்தால் ஏமாந்திருப்பேன். பெல்ட்டார் வொர்க்டியூன்ஸில் குறைப்பு 24 என்று அமெரிக்க முறையில் போட்டிருந்தது. பக்கத்தில் இருந்ததில் ஐரோப்பிய முறையில் வேறு எண். இரண்டையும் நேராக ஒப்பிடக் கூடாது, அளக்கும் முறையே வேறு என்று கடைக்காரரே சொன்னார்.

முதலில் இரண்டு மட்டும் வாங்கினேன். ஏஏ பேட்டரி, எஃப்எம், வெளியே ரப்பர் குச்சி, பெட்டியில் 82 என்ற எண். பொத்தானை அழுத்திப் பார்த்தேன், 0.1 ஆகத்தான் தாண்டியது.

அந்தத் தம்பி முதல் நாள் ஏழு மணிக்கு மாட்டியவன் பத்து மணித் தேநீருக்குத்தான் கழற்றினான். காதைச் சுற்றி மெத்தையின் தடம் வட்டமாகப் பதிந்திருந்தது. இதுவரை எங்கள் குழுவில் யார் காதிலும் நான் அப்படி ஒரு தடத்தைப் பார்த்ததில்லை. செயின்சா எடுக்கிற நாளில் ரேடியோக் கவசம் பேக்கியில், அதாவது எங்கள் சின்னச் சரக்கு வண்டியில், பூட்டி வைக்கப்படுகிறது, சாதாக் கவசம் மட்டும்தான். இதில் யாருக்கும் சலுகை இல்லை, எனக்கும் சேர்த்து.

எல்லாம் சரியாகிவிடவில்லை. இன்னொருவருக்குச் சடைமுடி, கவசம் எப்படி மாட்டினாலும் பக்கத்தில் தூக்குகிறது. அவருக்கு உருட்டிச் செருகுகிற நுரை அடைப்பான் வாங்கிக் கொடுத்தேன். உருட்டி, காதை மேலே இழுத்துப் பிடித்துச் செருகி, விரிகிற வரை விரலால் அழுத்தி வைத்திருக்க வேண்டும் என்று மூன்று நாள் காட்டிய பிறகு சரியாகப் போடுகிறார். பாட்டு இல்லை என்று வருத்தம் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. அடுத்தது வியர்வை. இந்த ஈரப்பதத்தில் மெத்தை மூன்று வாரத்திலேயே வாடை அடிக்கிறது. துணி உறை போடலாமா?


செவிச்சோதனை_அக்கா எழுதியது:

துணி உறை போட்டால் தடுப்பு கொஞ்சம் குறையும். தினமும் மென்மையான சோப்புத் தண்ணீரில் ஈரத்துணி நனைத்து மெத்தையைத் துடையுங்கள், காதை மூடுகிற கிண்ணத்துக்குள் தண்ணீர் போகக் கூடாது. வெயிலில் காயவைக்காதீர்கள், மெத்தை விறைத்துப் போகும். விரலால் அழுத்தினால் மெதுவாக எழும்ப வேண்டும். வெடிப்பு விட்டாலோ, கட்டியாகிவிட்டாலோ மாற்றுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை மாற்றச் சொல்வார்கள், உங்கள் வேலைக்கு அதற்கு முன்பே தேவைப்படலாம். வாங்கும்போதே உதிரி மெத்தை கிடைக்குமா என்று கேட்டீர்களா?

அப்புறம், நாலு பேருக்கும் ஆரம்பச் சோதனை எடுத்துவிட்டீர்களா? பிற்காலத்தில் கேட்கும் திறன் குறைந்து இழப்பீடு கேட்க நேர்ந்தால், அந்த முதல் அளவிலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் இறங்கியிருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். முதல் அளவே இல்லை என்றால் அவர்கள் எதை வைத்துப் பேசுவார்கள்?


டொங்காட்_தோட்டம் எழுதியது:

உதிரி மெத்தை இரண்டு ஜோடி சேர்த்தே வாங்கினேன் அக்கா. சோதனை எடுக்கவில்லை. அடுத்த வாரம் அழைத்து வரட்டுமா? எந்த நேரம் தோது?


செவிச்சோதனை_அக்கா எழுதியது:

செவ்வாய் காலை ஏழு மணிக்கு வாருங்கள். அதற்கு முன் 16 மணி நேரம் காது இரைச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். அப்படியென்றால் திங்கள் மூன்று மணிக்கு மேல் இஞ்சின் எதையும் இழுக்கக் கூடாது, இரவு சத்தமாகப் பாட்டும் வேண்டாம். நாலு பேர் இல்லை, ஐந்து பேர். நீங்களும் உட்கார வேண்டும்.


டொங்காட்_தோட்டம் எழுதியது:

சரி அக்கா. திங்கள் மூன்று மணிக்கு எல்லா இஞ்சினையும் நிறுத்திவிடுகிறேன். ஐந்து பேரும் வருகிறோம்.